பேருக்கு ஒரு டிரஸ்டியாக இருக்கலாமா?

கேள்வி: ஆடிட்டர் சார், நான் ராமநாதபுரம் மாவட்டத்துக் கடலோர ஊர் ஒன்றில் இருக்கும் ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியை. வண்ணத்துப்பூச்சி, அந்துப்பூச்சிப் பாதுகாப்புக்காக நாலு வருடத்துக்கு முன்னால் எங்கள் பக்கத்தில் ஒரு டிரஸ்ட் தொடங்கினார்கள். தொடங்கியவர் நான் அண்ணன் என்று கூப்பிடும் குடும்ப நண்பர். அவருடைய இரண்டு ஏக்கரில்தான் தோட்டம் இருக்கிறது. அவர், அவர் மனைவி, நண்பர் ஒருவர் என மூன்று டிரஸ்டிகள். நண்பர் உடம்புக்கு முடியாமல் விலகுகிறார், அந்த இடத்துக்கு என்னைக் கேட்கிறார்கள். "டீச்சர் பேர் இருந்தா மதிப்பு. நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம், செக் புத்தகத்துல மொத்தமா கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டா போதும்" என்கிறார் அண்ணன். கணக்கு கேட்டதற்கு ஒரு பக்கத் தாள் கொடுத்தார், நகல் இணைத்திருக்கிறேன். அதில் வரும் நர்சரி அவர் மருமகனுடையது. சிங்கப்பூர் குடிமகனாகிவிட்ட உறவினர் ஒருவர் 5 லட்சம் தருகிறாராம். ராமேஸ்வரம் பக்கம் ஒரு ஓட்டலில், கல்யாண வரவேற்பில் பறக்கவிட வண்ணத்துப்பூச்சி கேட்கிறார்கள், நல்ல தொகை வருமாம். எனக்கு இந்தப் பூச்சிகள் என்றால் உயிர். ஆனால் பணமும் சட்டமும் தெரியாது. சேரலாமா? கேள்வி கேட்டால் அண்ணன் மனம் நோகுமோ என்றும் பயமாக இருக்கிறது.
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள டீச்சருக்கு வணக்கம்.

சேருங்கள் என்றுதான் சொல்வேன். உங்களைப் போல ஒருவர் அந்த டிரஸ்ட்டுக்கு எவ்வளவு தேவை என்பது நீங்கள் அனுப்பிய அந்த ஒரு பக்கத் தாளிலேயே தெரிகிறது, அதற்குப் பிறகு வருகிறேன். ஆனால் "பேருக்கு" என்ற ஏற்பாட்டுக்கு மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள். சட்டத்தில் அப்படி ஒரு பதவியே கிடையாது.

1882-ஆம் வருட இந்திய டிரஸ்ட் சட்டம் தனியார் டிரஸ்ட்டுகளுக்காக எழுதப்பட்டது. உங்களுடையது போன்ற பொது அறக்கட்டளைகளை அது நேரடியாகக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் வழக்கு என்று வந்தால், டிரஸ்டி ஒழுங்காக நடந்துகொண்டாரா என்று பார்க்க நீதிமன்றங்கள் பெரும்பாலும் அந்தச் சட்டத்தின் கொள்கைகளைத்தான் எடுத்துக்கொள்கின்றன. அதன் 15-ஆம் பிரிவு, சாதாரண விவேகமுள்ள ஒருவர் தன் சொந்தப் பொருளை எப்படிப் பார்த்துக்கொள்வாரோ அப்படி டிரஸ்ட் சொத்தைப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறது. 26-ஆம் பிரிவுதான் உங்களுக்கு முக்கியம். சக டிரஸ்டி செய்த தவறுக்கு நீங்கள் பொறுப்பில்லை என்று அது ஆரம்பிக்கிறது. உடனே விதிவிலக்கும் சொல்கிறது: பணத்தை அவர் கையில் விட்டுவிட்டு அவர் அதை என்ன செய்கிறார் என்று விசாரிக்காமல் இருந்தால், தவறு தெரிந்தும் மறைத்தால், தெரிந்தும் நியாயமான காலத்துக்குள் நடவடிக்கை எடுக்காமல் இருந்தால், நீங்களும் பொறுப்பு. "எனக்கு ஒண்ணும் தெரியாது, கையெழுத்து மட்டும்தான் போட்டேன்" என்ற பதில் உங்களைக் காப்பாற்றாது, அதுவே உங்களுக்கு எதிரான வாக்குமூலமாகிவிடும். வெற்று செக்கில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதும் இதில்தான் சேரும். ஒரு செக்கில்கூட அப்படிப் போடாதீர்கள்.

இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை. டிரஸ்டியாக இருக்கச் சொல்லி யாரும் உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் ஒருமுறை ஏற்றுக்கொண்டுவிட்டால், நினைத்த நாளில் உதறிவிட்டு வரவும் முடியாது. 46-ஆம் பிரிவின்படி நீதிமன்ற அனுமதி வேண்டும், இல்லையென்றால் பயனாளிகளின் சம்மதம் வேண்டும், இல்லையென்றால் டிரஸ்ட் பத்திரத்திலேயே அதற்கு வழி எழுதியிருக்க வேண்டும். உங்கள் டிரஸ்ட்டின் பயனாளி வண்ணத்துப்பூச்சி. அதனிடம் யாரும் சம்மதம் வாங்க முடியாது. எனவே கையெழுத்துப் போடும் முன்பே பத்திரத்தில் விலகல் பிரிவு இருக்கிறதா என்று பாருங்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்த பத்திரத்தின் முழு நகலைக் கேளுங்கள், சுருக்கம் வேண்டாம்.

அதே பத்திரத்தில் டிரஸ்டிகள் அதிகபட்சம் எத்தனை பேர் இருக்கலாம் என்றும் பாருங்கள். இப்போது மூன்றில் இரண்டு வாக்கு ஒரே வீட்டில் இருக்கிறது. அண்ணியைக் குறை சொல்லவில்லை. ஆனால் கணவரின் முடிவை மனைவி எதிர்த்து வாக்களிக்க வேண்டிய நிலை வந்தால் அது யாருக்கும் நல்லதில்லை. ஐந்து பேராக்கி, அதில் மூன்று பேர் குடும்பத்துக்கு வெளியே இருந்தால் எல்லோருக்கும் நிம்மதி. பத்திரம் இடம் கொடுத்தால் இதை நீங்கள் சேரும் கூட்டத்திலேயே தீர்மானமாகக் கொண்டுவரச் சொல்லலாம்.

சரி, நிலத்துக்கு வருவோம். எனக்கு அதிகம் கவலை தருவது சிங்கப்பூர் பணமோ ஓட்டலோ இல்லை, இந்த இரண்டு ஏக்கர்தான். தோட்டம் அண்ணனுடைய நிலத்தில் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். டிரஸ்ட்டுக்கு எழுதிக் கொடுத்தாரா என்பது இல்லை. பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள், வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். அவர் பெயரிலேயே இருந்தால், நாலு வருடமாக நன்கொடையாளர்கள் கொடுத்த பணம் முழுக்க ஒரு தனிமனிதரின் சொத்தை மேம்படுத்தப் போயிருக்கிறது என்றுதான் வெளியிலிருந்து பார்ப்பவர் சொல்வார். வேலி, கிணறு, செடி எல்லாம் அவர் நிலத்தோடு சேர்ந்தவை. அண்ணன் நல்லவர், திருப்பிக் கேட்க மாட்டார். அவர் காலத்துக்குப் பிறகு? பிள்ளைகளுக்குப் பாகம் பிரியும்போது, தோட்டத்தைச் சும்மா விட்டுவைக்கச் சொல்ல டிரஸ்ட்டுக்கு எந்த உரிமையும் இருக்காது. கடலோரம் நில விலை போகும் போக்கு உங்களுக்கே தெரியும்.

வாய்மொழியாக "டிரஸ்ட்டுக்குத்தான் குடுத்திருக்கேன்" என்றால் சட்டத்தில் செல்லாது. அசையாச் சொத்தைத் தானம் கொடுக்கப் பதிவு செய்த பத்திரம் வேண்டும். அவ்வளவு தூரம் போக மனமில்லை என்றால் நீண்ட காலக் குத்தகை போடலாம். ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையையும் பதிய வேண்டும். வண்ணத்துப்பூச்சித் தோட்டம் ஒன்று தழைத்து, பூச்சிகள் அங்கேயே முட்டையிட்டுத் தலைமுறை தலைமுறையாகத் தங்கப் பல மழைக்காலம் ஆகும். பதினொரு மாத ஒப்பந்தம் அதற்கு உதவாது. முத்திரைத் தீர்வை, பதிவுக் கட்டணம் எல்லாம் செலவுதான், ஆனால் டிரஸ்ட் பணத்தில் செய்யத் தகுந்த முதல் செலவு அதுவே. அந்த இடம் உயர் ஓதக் கோட்டிலிருந்து, அதாவது கடல் நீர் ஏறி வரும் எல்லையிலிருந்து, 500 மீட்டருக்குள் இருந்தால் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகளும் வரும். கட்டடம் கட்டும் யோசனை இருந்தால் அதை முதலில் விசாரியுங்கள்.

இனி அந்தத் தாள். நர்சரியில் பூச்செடி வாங்கியது, களை எடுத்த கூலி, லாரித் தண்ணீர், பூச்சிமருந்து அடித்தது, தோட்டத்துக்கு ஹைமாஸ்ட் விளக்கு, சீமைக்கருவேலை எடுத்த ஜேசிபி வாடகை. பெரிய தொகைகள் எல்லாம் இவைதான். கூட்டல் சரியாக இருக்கிறது. பணம் திருடு போனதற்கான அடையாளம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. ஆனால் டிரஸ்டி பார்க்க வேண்டியது கூட்டல் மட்டுமில்லை. இந்தப் பணம் பத்திரத்தில் எழுதிய நோக்கத்துக்குப் போனதா என்பதுதான் கேள்வி. இங்கேதான் ஆடிட்டரைவிட அறிவியல் டீச்சர் பெரியவர்.

ஜேசிபி வாடகையை நான் குறை சொல்ல மாட்டேன். சீமைக்கருவேலை நம் மாவட்டத்தை என்ன செய்திருக்கிறது என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் களை எடுத்த கூலி? எந்தச் செடியைக் களை என்று பிடுங்கினார்கள்? தரையோடு படரும் ஆடுதீண்டாப்பாளையைப் பிடுங்கியிருந்தால், சிவப்புடல் அழகி என்ற வண்ணத்துப்பூச்சியின் புழுவுக்குச் சோறு போடும் செடியைத்தான் காசு கொடுத்து அழித்திருக்கிறார்கள். ஆடுதீண்டாப்பாளை இனத்துச் செடிகளை விட்டால் அந்தப் புழுவுக்கு வேறு உணவு இல்லை. அந்தச் செடியின் நஞ்சுதான் பூச்சியின் உடம்பில் தங்கி அதைப் பறவைகளிடமிருந்து காக்கிறது. ராமேஸ்வரம், தனுஷ்கோடிப் பக்கம் கூட்டம் கூட்டமாக வலசை போகும் அந்தக் கறுப்புச் சிறகுக்காரி நம் கடற்கரைக்கே பெருமை. அதேபோல எருக்கை வெட்டினால் வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சிக்கு முட்டையிட இடமில்லை. உகா மரமும் சங்கஞ்செடியும் போனால் சால்மன் அராப் போன்ற சின்னஞ்சிறு வறண்ட நிலப் பூச்சிகள் போய்விடும். தேள்கொடுக்கும் கிலுகிலுப்பையும் காய்ந்து கிடந்தால் குப்பை என்று கொளுத்துவார்கள், ஆனால் வரியன்களின் ஆண்பூச்சிகள் இனப்பெருக்கத்துக்கு வேண்டிய சத்தை உறிஞ்ச அந்தக் காய்ந்த செடிகளைத்தான் தேடி வருகின்றன.

நர்சரியில் வாங்கியவை ஹைப்ரிட் ரோஜாவும் குரோட்டன்ஸும் என்று தாளில் இருக்கிறது. பார்க்க அழகுதான், ஆனால் நம் ஊர் வண்ணத்துப்பூச்சிப் புழுக்களுக்குப் பெரும்பாலும் அவை உணவில்லை. அவற்றை வெயிலில் காப்பாற்றத்தான் லாரித் தண்ணீர். ஐப்பசி, கார்த்திகை மழையை மட்டும் நம்பி வாழப் பழகிய உள்ளூர்ச் செடிகளுக்கு முதல் வருடம் ஊற்றினால் போதும், பிறகு தாமே பார்த்துக்கொள்ளும். ஆக, செடி மாறினால் மூன்று செலவு ஒரே நேரத்தில் குறையும். இதை நீங்கள் கூட்டத்தில் எடுத்துச் சொன்னால் அது அண்ணன் மேல் குற்றச்சாட்டாகவே கேட்காது, தோட்டத்தைப் பற்றிய நல்ல யோசனையாகத்தான் கேட்கும்.

பூச்சிமருந்துச் செலவைப் பார்த்து எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. நந்தியாவட்டையிலும் அரளியிலும் விரல் தண்டிக்கு ஒரு பச்சைப் புழு இலையைத் தின்றுகொண்டிருக்கும், அதற்குத்தான் அடித்திருப்பார்கள். அந்துப்பூச்சிப் பாதுகாப்பு என்று பத்திரத்தில் எழுதி வைத்துக்கொண்டு அந்துப்பூச்சியின் புழுவுக்கு மருந்து அடிப்பது நோக்கத்துக்கு நேர் எதிரான செலவு. ஹைமாஸ்ட் விளக்கும் அப்படித்தான். இரவில் வெள்ளை வெளிச்சம் அந்துப்பூச்சிகளை இழுத்து, இரை தேடவும் இணை சேரவும் விடாமல் சுற்ற வைக்கும். கணக்கெடுப்புக்காக ஒரு வெள்ளைத் துணியும் விளக்கும் வைத்துச் சில மணி நேரம் பார்ப்பது வேறு, ராத்திரி முழுக்க எரியவிடுவது வேறு. பாதுகாப்புக்கு விளக்கு வேண்டும் என்றால் வாசலில் மட்டும், கீழ்நோக்கிய மங்கலான மஞ்சள் விளக்கு போதும். டிரஸ்ட் பெயரில் பாதி அந்துப்பூச்சிக்குச் சொந்தம். கணக்கில் அதற்கென்று ஒரு ரூபாய்கூட இல்லை. நீங்கள் சேர்ந்தால் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்.

மருமகன் நர்சரி விஷயம். உறவினரிடம் வாங்கவே கூடாது என்று சட்டம் சொல்லவில்லை. ஆனால் நிறுவனர், டிரஸ்டி, அவர்களுடைய நெருங்கிய உறவினர் ஆகியோருக்கு டிரஸ்ட் பணத்தில் நியாயமற்ற ஆதாயம் போனால் வரிவிலக்கு அடிபடும். 1961-ஆம் வருட வருமான வரிச் சட்டத்தில் இது 13-ஆம் பிரிவு. 2026 ஏப்ரல் 1 முதல் வருமான வரிச் சட்டம் 2025 என்பதால் எண் வேறு. மருமகனும் அந்த உறவினர் வரையறைக்குள் வருவார். செய்ய வேண்டியது எளிது: வேறு இரண்டு நர்சரிகளிடம் விலை கேட்டு எழுத்தில் வாங்குங்கள், அண்ணனும் அண்ணியும் அந்த முடிவில் கலந்துகொள்ளாமல் ஒதுங்கியதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். இதற்கும் ஐந்து டிரஸ்டி இருந்தால்தான் வழி உண்டு. வனத்துறை நாற்றங்காலிலும் விசாரிக்கலாம்.

வரிப் பதிவை மட்டும் சுருக்கமாகச் சொல்கிறேன். புது டிரஸ்ட்டுக்கு முதலில் தற்காலிகப் பதிவுதான் கிடைக்கும், மூன்று வருடம். உங்களுடையது நாலு வருடம் ஆனது, அது வழக்கமான பதிவாக மாற்றப்பட்டதா என்று கேளுங்கள். மாற்றாமல், கொடுப்பவருக்கு வரிச்சலுகை தரும் ரசீது (பழைய சட்டத்தில் 80ஜி) கொடுத்துக்கொண்டிருந்தால் நன்கொடையாளர்கள் சிக்குவார்கள். நன்கொடை விவர அறிக்கையை ஒவ்வொரு வருடமும் மே 31-க்குள் தாக்கல் செய்தார்களா என்பதையும் பாருங்கள். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தவருக்கு அந்தச் சலுகை கிடையாது.

சிங்கப்பூர்ப் பணத்தை இப்போதைக்கு வாங்காதீர்கள். நம் கடற்கரையில் கீழக்கரை, தொண்டி, பெரியபட்டினம் என்று எந்த ஊரை எடுத்தாலும் வீட்டுக்கு ஒருவர் வெளிநாட்டில் இருப்பார், அதனால் இதைச் சற்று விளக்கிச் சொல்கிறேன். பணம் எந்த நாட்டிலிருந்து வருகிறது என்பதைவிட, கொடுப்பவர் எந்த நாட்டுக் குடிமகன் என்பதுதான் பெரிது. துபாயில் வேலை பார்க்கும் ஒருவர் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்து, தன் சேமிப்பை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. பாஸ்போர்ட் நகல் மட்டும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கியவர் கொடுத்தால், அவர் பிறந்தது உச்சிப்புளியாகவே இருந்தாலும், இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை வைத்திருந்தாலும், அது வெளிநாட்டு நன்கொடை. 2010-ஆம் வருட வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின்படி மத்திய உள்துறையில் பதிவோ முன் அனுமதியோ வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணம் டெல்லியில் பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் திறக்கும் கணக்குக்குத்தான் முதலில் வர வேண்டும். "அண்ணன் அக்கவுண்ட்டுல வாங்கி டிரஸ்ட்டுக்கு மாத்திக்கலாம்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது டிரஸ்டிகளையே குற்ற வழக்கில் கொண்டுபோய் நிறுத்தக்கூடிய குறுக்கு வழி. குறிப்பிட்ட ஒருவரிடமிருந்து குறிப்பிட்ட வேலைக்காக முன் அனுமதி கேட்டு விண்ணப்பிக்கலாம். உறவினர் காத்திருக்கத் தயாராக இருந்தால் அதைச் செய்யுங்கள்.

ஓட்டலுக்கு மறுத்துவிடுங்கள். பல வண்ணத்துப்பூச்சி இனங்கள் 1972-ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியல்களில் இருக்கின்றன. 2022 திருத்தத்தில் பட்டியல்களும் மாறியிருக்கின்றன. பட்டியலில் உள்ளதைப் பிடிப்பதும் விற்பதும் குற்றம். பட்டியலில் இல்லாததைக் கொடுக்கலாமே என்றால், வரவேற்பு நடப்பது ராத்திரி ஏழு மணிக்கு. வண்ணத்துப்பூச்சி பகலில் பறப்பது. குளிர்ந்த பெட்டியில் அடைத்து வைத்து, விளக்கு வெளிச்சத்தில் திறந்துவிட்டால் பாதி கீழே விழும், மீதி விளக்கில் மோதும். பாதுகாப்புக்காக வந்த டிரஸ்ட் அதைச் செய்து காசு வாங்க முடியாது, எவ்வளவு கொடுத்தாலும். ஓட்டலுக்கு உண்மையிலேயே ஆர்வம் என்றால், தங்கள் வளாகத்தில் எருக்கையும் உகாவையும் வளர்க்கச் சொல்லுங்கள், அதற்கு ஆலோசனை தாருங்கள். ஸ்ரீரங்கம் பக்கம் வனத்துறை 2015-இல் திறந்த வண்ணத்துப்பூச்சிப் பூங்காவைக் காட்டி அதே போல ஒன்று கட்டலாம் என்று அவர்கள் இறங்கிவரக்கூடும். அது காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் இருக்கிறது. அந்தத் தண்ணீருக்கு இங்கே எங்கே போவது?

பிரிட்டனில் பட்டர்ஃப்ளை கன்சர்வேஷன் என்று 1968-இல் தொடங்கிய அமைப்பு ஒன்று இருக்கிறது, இதே வண்ணத்துப்பூச்சி, அந்துப்பூச்சி வேலைதான். அங்கேயும் டிரஸ்டிகள் சம்பளமில்லாத தன்னார்வலர்கள்தான். ஆனால் சம்பளம் இல்லை என்பதற்காகப் பொறுப்பு குறைவதில்லை. தனக்கு ஆதாயம் உள்ள விஷயம் வந்தால் டிரஸ்டி அதை வெளிப்படையாகச் சொல்லி ஒதுங்க வேண்டும் என்பது அந்நாட்டு அறக்கட்டளைச் சட்டத்தில் அடிப்படை எதிர்பார்ப்பு. நாம் நம் ஊரில் இதையே செய்தால் அதை அவமரியாதையாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

கடைசியாக, அண்ணன் மனம் நோகுமா என்று கேட்டிருந்தீர்கள். எல்லோர் முன்னாலும் கேட்டால் நோகத்தான் செய்யும். வீட்டுக்குப் போய், அண்ணியும் இருக்கும்போது, காப்பி குடித்துக்கொண்டு பேசுங்கள். தோட்டத்திலிருந்து ஆரம்பியுங்கள், புழுவும் செடியும் முதலில் வரட்டும். அப்புறம் நிலம். "அண்ணே, உங்களுக்கு அப்புறமும் இது இருக்கணும்" என்று சொன்னால் எந்த நல்ல மனிதருக்கும் புரியும். சொந்த நிலத்தையும் சொந்தக் காசையும் போட்டு இதைத் தொடங்கியவர் அவர். பதிந்த பத்திரமும், ஒழுங்கான தீர்மானப் புத்தகமும் இல்லாவிட்டால், நாளை யாராவது ஒரு புகார் எழுதிப் போட்டால் முதலில் மாட்டுவதும் அவர்தான். செக் புத்தகம், மருமகன் விலைப்பட்டியல் போன்ற கசப்பான விஷயங்களை என் தலையில் போட்டுவிடுங்கள்: "ஆடிட்டர் இதெல்லாம் இல்லாம கையெழுத்துப் போடக்கூடாதுன்னு சொல்லிட்டார்." எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை, அதற்குத்தான் நாங்கள் இருக்கிறோம்.

இவ்வளவு கேட்ட பிறகும் அவர் பத்திரத்தைக் காட்ட மறுத்தால், சேராதீர்கள். டிரஸ்டியாக இல்லாமலே தோட்டத்தில் செடி அடையாளம் காட்டவும், பிள்ளைகளைக் கூட்டிவந்து கணக்கெடுக்கவும் உங்களால் முடியும். காட்டினால் நகலை எனக்கு அனுப்புங்கள், விலகல் பிரிவையும் டிரஸ்டிகள் எண்ணிக்கையையும் முதலில் பார்த்துச் சொல்கிறேன். களை எடுக்கும் ஆட்களை மட்டும் இப்போதே நிறுத்தச் சொல்லுங்கள், அதற்கு டிரஸ்டி ஆகும்வரை காத்திருக்க வேண்டாம்.